தங்கிய மன்னரும் வெளியேறிய மன்னரும்

வணக்கம். போர்க்காலத்தில் ஒரு மன்னரின் கடமை என்ன என்று கேட்டால், மக்களோடு மண்ணிலேயே இருக்க வேண்டும் என்பதே நம்மில் பலரின் விடையாக இருக்கும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1940ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐரோப்பிய அரண்மனைகளில் நடந்தவற்றைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைத்தான் இந்தக் காணொளியில் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 9ஆம் தேதி அதிகாலையில் ஜெர்மனி நார்வேயின்மீது படையெடுத்தது. ஆஸ்லோ நகருக்குச் செல்லும் கடற்கழியில் இருந்த ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டை, ப்ளூஹர் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலை மூழ்கடித்ததால் சில மணி நேரம் கிடைத்தது. அந்த இடைவெளியில் மன்னர் ஏழாம் ஹாகோன், அரச குடும்பத்தினர், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோர் ரயிலேறித் தலைநகரை விட்டு வெளியேறினார்கள். மறுநாள் எல்வெரும் என்ற ஊரில் ஜெர்மானியத் தூதர் மன்னரைச் சந்தித்து, ஜெர்மனியை ஆதரித்த நார்வே அரசியல்வாதி விட்குன் குவிஸ்லிங்கைப் பிரதமராக நியமிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். குவிஸ்லிங்கின் கட்சியோ, தேர்தலில் நின்றும் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தைக்கூட வென்றதில்லை.

அதன்பின் நிபெர்க்சுண்ட் என்ற சிற்றூரில் அமைச்சரவை முன் மன்னர் சொன்னதைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். முடிவெடுக்கும் உரிமை அரசாங்கத்துடையது என்றும், அதன் முடிவில் தாம் குறுக்கிடப் போவதில்லை என்றும், ஆனால் மக்களின் நம்பிக்கையோ நாடாளுமன்றத்தின் நம்பிக்கையோ இல்லாத ஒருவரைத் தம்மால் நியமிக்க இயலாது என்பதால், அமைச்சரவை இணங்குவதாக இருந்தால் தாம் முடி துறந்துவிடுவதாகவும் அவர் கூறினார். பிறரது அதிகாரத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தமக்கே உரிய ஒன்றை, அதாவது தம் மணிமுடியை, அவர்கள் முன் வைத்தார். அமைச்சரவை ஒருமனதாக மறுத்தது. ஏப்ரல் 11ஆம் தேதி அந்த இரண்டு ஊர்கள்மீதும் குண்டுகள் விழுந்தன. 67 வயதான மன்னர் பனி படிந்த காட்டுக்குள் மரங்களுக்கிடையே ஒதுங்கி உயிர் தப்பினார்.

இந்தத் துணிவின் வேர் 1905இல் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அவர் பிறப்பால் டென்மார்க் இளவரசர். நார்வே தமக்கு அரியணையை அளிக்க முன்வந்தபோது, மக்கள் வாக்களித்து விரும்பினால்தான் ஏற்பேன் என்று பொது வாக்கெடுப்பைக் கேட்டுப் பெற்றவர். குடிகளின் வாக்கினால் வந்த முடியை அயலாரின் மிரட்டலுக்குப் பணிந்து தலையில் வைத்திருக்க அவரால் முடியவில்லை. ஜூன் 7ஆம் தேதி அவர் பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அவரை யாரும் புறமுதுகிட்டவராகக் கருதவில்லை. அவருடைய பெயரின் முதலெழுத்தையும் ஏழு என்ற எண்ணையும் இணைத்த இலச்சினையை மக்கள் சுவர்களில் எழுதினார்கள். வானொலியில் வரும் அவரது குரலுக்காக, தடையை மீறிக் காத்திருந்தார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1945 ஜூன் 7 அன்று அவர் ஆஸ்லோ திரும்பினார்.

நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினாவும் மே 13 அன்று வெளியேறி லண்டன் சென்றவர்தாம். சமரசம் பேச நினைத்த தம் பிரதமரை அங்கே மாற்றவும் செய்தார். பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் குண்டு விழுந்த அரண்மனையில் தங்கியது போற்றத்தக்கதே. ஆயினும் அங்கே பகைப்படை கரையேறவில்லை என்பதால் அதை இவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது.

பெல்ஜியத்தின் மூன்றாம் லியோபோல்ட் வெளியேற மறுத்தவர். முதலாம் உலகப்போரில் அவருடைய தந்தை முதலாம் ஆல்பர்ட், ஈசர் ஆற்றங்கரையில் எஞ்சிய சிறு நிலப்பரப்பிலிருந்து படையை நடத்திப் பெரும் புகழ் பெற்றிருந்தார். அந்த நிழல் மகன்மீது விழுந்திருந்தது. நாட்டை விட்டு வந்து போரைத் தொடருமாறு அமைச்சர்கள் மே 25 அன்று மன்றாடியபோது, படைவீரர்களின் கதியே தம் கதி என்று அவர் உறுதியாக நின்றார். மே 28 அன்று படையோடு சரணடைந்தார். அவர் கோழையல்லர் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் தம் அமைச்சர்களின் அறிவுரைக்கு எதிராகத் தனியே முடிவெடுத்தார். பின்னர் அதே ஆண்டு நவம்பரில் ஹிட்லரைச் சந்தித்ததும், வீரர்கள் பலர் ஜெர்மானிய முகாம்களில் வாடிய 1941இல் மறுமணம் செய்துகொண்டதும் கசப்பைப் பெருக்கின. 1944இல் ஜெர்மானியர்கள் அவரை நாட்டுக்கு வெளியே கொண்டுசென்றார்கள். போருக்குப் பின் அவர் அரியணைக்குத் திரும்பலாமா என்று கேட்ட 1950 மார்ச் மாத வாக்கெடுப்பில் சுமார் 58 விழுக்காட்டினர் அவரை ஆதரித்தபோதும், ஃபிளாண்டர்ஸ் பகுதி வேண்டும் என்றும் வலோனியா பகுதி வேண்டாம் என்றும் நாடு பிளந்து நின்றது. ஜூலையில் அவர் திரும்பியதும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. லியேஜ் அருகே நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு, இருபது வயது மகன் போதுவானிடம் அரியணையை அளித்து அவர் விலகினார்.

டென்மார்க்கில் ஹாகோனின் அண்ணன் பத்தாம் கிறிஸ்டியன் தங்கினார். காவலரின்றிக் குதிரையேறித் தலைநகர வீதிகளில் நாள்தோறும் சென்றார். யூதர்களுக்காக அவர் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்று பரவும் கதையைத் தயவுசெய்து பகிராதீர்கள். யூதர்கள் அடையாளமாக அந்த நட்சத்திரத்தை அணிய வேண்டும் என்ற ஜெர்மானிய ஆணையே டென்மார்க்கில் பிறப்பிக்கப்படவில்லை.

எனக்கு மிகவும் வேதனை தருவது இத்தாலி. அதுவரை ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த இத்தாலி, நேச நாடுகளுடன் செய்துகொண்ட போர்நிறுத்தம் 1943 செப்டம்பர் 8 மாலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடியலில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் ரோமை விட்டுத் தென் இத்தாலியின் பிரிண்டிசி நோக்கிப் புறப்பட்டார். ஹாகோனும் வெளியேறியவர்தாம், ஆனால் எதிர்த்துப் போராடும் முடிவை அறிவித்துவிட்டு வெளியேறினார். இவர் புறப்பட்டபோது, இனி யார் பகைவர், எங்கே நிற்பது, யாரைச் சுடுவது என்ற தெளிவான ஆணை எதுவும் படைகளிடம் இல்லை. சுமார் ஆறு லட்சம் இத்தாலிய வீரர்கள் ஜெர்மானிய முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மன்னராட்சியா குடியரசா என்ற வாக்கெடுப்பில், 1946 ஜூன் 2 அன்று 54 விழுக்காட்டினர் குடியரசுக்கு வாக்களித்தார்கள். அந்த மன்னர் மரபின் ஆண்வழியினர் இத்தாலிய மண்ணில் கால் வைப்பதற்குப் புதிய அரசியலமைப்பு விதித்த தடை 2002 வரை நீடித்தது.