மேட்டில் பின்பக்கமாக ஏறிய கார்

விழாத் தலைவர் அவர்களே, பழைய கார்களை இத்தனை அழகாக வரிசையில் நிறுத்தியிருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து கிரீஸ் கையோடு நிற்கும் மெக்கானிக் நண்பர்களே, வணக்கம். எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தோடு இன்னும் ஐந்தைச் சேர்த்துத் தந்த தலைவருக்குத் தனி நன்றி.

ஃபோர்டு மாடல் டி, வோக்ஸ்வேகன் பீட்டில். இரண்டையும் எஞ்சின், ஓட்டும் விதம், உதிரி பாகம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

1908-இல் வந்த மாடல் டிக்கு எஞ்சின் முன்னால். 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன். முப்பது வருடம் கழித்து வந்த பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால். காற்றே குளிர்விப்பதால் ரேடியேட்டர் கிடையாது.

அப்புறம், ஓட்டும் விதம். மாடல் டி வைத்திருக்கும் நண்பரோடு ஒரு மலைப்பாதையில் போனேன். பாதி மேட்டில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. அவர் இறங்கி, சீட்டைத் தூக்கி, டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. பதறாமல் வண்டியைப் பின்னால் உருட்டித் திருப்பினார். கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பி, நடு பெடலை மிதித்து, மேடு முழுவதையும் ரிவர்சிலேயே ஏறினார்! எதிரே வந்த லாரிக்காரர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கைதட்டினார். காரணம் எளிது: அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போக வேண்டும். மூக்கு மேலே போனால் வழியாது.

கடைசியாக, உதிரி பாகம். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பார்கள். நான் எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. ஒன்றரைக் கோடி மாடல் டி செய்தார்கள். 1972 பிப்ரவரியில் பீட்டில் அந்தக் கணக்கைத் தாண்டியது. இரண்டுக்கும் இன்றும் புதிதாகப் பாகம் செய்து விற்கிறார்கள். அதனால்தான் ஓடுகின்றன.

அவற்றுக்குப் பின்னால் வந்த கார்களின் நிலை வேறு. எஞ்சினும் பாடியும் நன்றாக இருக்கும். ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி செத்துப்போகும். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியிருக்கும். வண்டி காயலான் கடைக்குப் போகும். அச்சாணி இல்லாத தேர்! ஒரு பாகத்தை இனிச் செய்யமாட்டோம் என்று கைவிடும் கம்பெனி, அதன் வரைபடத்தைப் பொதுவில் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் செய்துகொள்கிறோம். இதைத்தான் பல வருடமாகக் கேட்டு வருகிறேன்.

வாசலருகே மேஜையில் மனு இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.