முதல் மூன்று வாரத்தின் நோட்டு

வணக்கம். இன்னும் சில வாரங்களில் விமானம் ஏறப்போகிறவர்கள் நீங்கள். விசா, கட்டணம், பெட்டியின் எடை இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். நான் கையில் கொண்டுவந்திருக்கிற இந்த நோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் மூன்று வாரமும் தினம் இதில் எழுதினேன். பிறகு, எழுத ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் குறிப்பு இது: "அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. சாவி உள்ளே." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த இரவு அப்படியே நினைவிருக்கிறது. நீளமான நடை, இருபுறமும் மூடிய கதவுகள். ஏதாவது ஒன்றைத் தட்ட வேண்டும். இந்த நேரத்தில் தட்டலாமா? திறந்தால் முதல் வார்த்தை என்ன? தட்டப் போன கையை இரண்டு முறை கீழே இறக்கினேன். பழகிய இடத்தில் இதற்கு அரை விநாடி கூட யோசித்திருக்க மாட்டேன்.

அந்தத் தயக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பண்பாட்டு அதிர்ச்சி. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1954ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் பேசிய பேச்சுதான் இந்தச் சொல்லைப் பரப்பியது. அவர் காரணமாகச் சொன்னது மிகச் சின்ன விஷயங்களை: எப்போது கை கொடுப்பது, எந்த அழைப்பை ஏற்பது, ஒருவர் சொல்வதை எவ்வளவு தூரம் நிஜமாக எடுத்துக்கொள்வது. சிறு வயதிலிருந்து நம்மை அறியாமலே பழகிய ஆயிரம் அடையாளங்கள் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. அறிகுறிகளையும் அவர் சொல்கிறார். அடிக்கடி கை கழுவுவது, குடிக்கிற தண்ணீர் மேல் சந்தேகம், எங்கோ வெறித்த பார்வை, சின்னத் தாமதத்துக்கும் பெரிய கோபம். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நான் நினைத்திருக்க மாட்டேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வகுப்பறைக்கு வருகிறேன். அந்த மொழியை நான் புத்தகத்தில் படித்தவன், தேர்விலும் நல்ல மதிப்பெண். ஆனால் ஆறு பேர் ஒரே நேரத்தில், பாதி வாக்கியத்தில் ஒருவரை ஒருவர் மறித்துப் பேசுகிற மொழியை எந்தத் தேர்வும் வைப்பதில்லை. மதியத்துக்கு மேல் காது களைத்துவிடும். ஒலி வரும், பொருள் வராது. ஒன்பதாம் நாள் குழு வேலை. எல்லோரும் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். புன்னகையோடு தலையாட்டினேன். அடுத்த திங்கட்கிழமை வகுப்பின் முன் முதல் பகுதியை நான் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலைதான் தெரிந்தது! தலையாட்டுவதை அன்றோடு நிறுத்தினேன். "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கொடுத்த நண்பர்கள் அதிகம்.

முதலில் எல்லாம் இனிக்கும், பிறகு கசக்கும், பிறகு சரியாகும் என்று உங்களிடம் சொல்வார்கள். 1955ல் ஸ்வேர லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களிடம் கேட்டு எழுதிய ஆய்விலிருந்து வந்த எண்ணம் அது. ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் போன நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1998ல் வந்தது. அவர்களுக்கு மிகக் கடினமாக இருந்தது ஆரம்பம்தான். என் அனுபவமும் இந்த இரண்டாவதன் பக்கம். முதல் வாரமே இனிக்கவில்லையென்றால் தவறான முடிவெடுத்துவிட்டோம் என்று பயப்படாதீர்கள்.

படிக்க நாடு விட்டு நாடு போவது புதிதும் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் சீனாவிலிருந்து நாளந்தாவுக்கு வந்தார். அங்கே வாசலிலேயே கேள்வி கேட்பார்களாம். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போவார்கள் என்று அவரே குறித்திருக்கிறார். அவர் 645ல் ஊர் திரும்பினார், மறுவருடமே பயணக் குறிப்பை முடித்தார். போன நாடுகளின் பரப்பு, மண், தட்பவெப்பம், உடை, பேச்சு எல்லாம் அதில் வருகின்றன. அங்கேயே பிறந்தவர் எழுதத் தோன்றாதவை இவை. வெளியிலிருந்து வந்த கண்ணுக்குத்தான் அவை படும்.

அந்தக் கண் உங்களுக்கும் சில வாரம்தான் இருக்கும். "இந்த மக்கள் இப்படித்தான்" என்று மூன்றே வாரத்தில் எழுதிய வரிகள் இந்த நோட்டில் ஐந்தாறு உண்டு, எல்லாமே தப்பு. சிரிக்காதவர் என்று நான் எழுதியவர்தான், காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு நாள் மருந்து கொண்டுவந்து கொடுத்தவர். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதிய வரிகள் இன்றும் நிற்கின்றன.

பதினேழாம் நாள் எழுதியது ஒன்றைப் படிக்கிறேன். "படிக்கட்டில் இன்றும் அதே சத்தம்." என்ன சத்தம்? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்தப் படிக்கட்டில்தான் தினமும் ஏறி இறங்கினேன்.