லீவர் பி-யில் இருக்கிறது, கியர் எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு வரும் ரீகால் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பட்டறையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். மைக் முன்னால் உட்காருவது பழக்கமில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீகால் என்றால், தயாரித்த நிறுவனமே குறையை ஒப்புக்கொண்டு, வண்டியைத் திரும்ப அழைத்து, காசு வாங்காமல் சரிசெய்து தருவது. வாரண்டி வேறு, இது வேறு. வாரண்டி முடிந்துபோன வண்டிக்கும் ரீகால் வரும்.

எங்கள் பட்டறையில் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். சர்வீசுக்கு வந்த வண்டியை ஒரு பையன் ஓரமாக நிறுத்தினான். லீவரை பி-யில், அதாவது வண்டியை நிறுத்தி வைக்கும் 'பார்க்' நிலையில் தள்ளினான், எஞ்சினை அணைத்தான், சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். நாலடி நடந்திருப்பான், வண்டியும் மெல்ல அவன் பின்னாலேயே வந்தது. தரை லேசான சரிவு. அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் முட்டி நின்றதால் யாருக்கும் அடி படவில்லை. எல்லோரும் அவனைத் திட்டினோம். நான்தான் அதிகமாகத் திட்டினேன். 'பி-யில்தான் போட்டேன்' என்று அவன் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், கியர் கேபிளின் நுனியில் அதைப் பிடித்து வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் வளையம், புஷ் என்போம், நொறுங்கிக் கிடந்தது. கேபிள் தனியாகத் தொங்கியது. லீவர் பி-யில்தான் இருந்தது. கியர் டி-யிலேயே, அதாவது முன்னால் ஓடும் 'டிரைவ்' நிலையிலேயே இருந்தது. பையன் சொன்னது நிஜம். அப்புறம் டேஷ்போர்டு டிராயரில் ஏதோ தேடும்போது, அதே கோளாறுக்கான ரீகால் கடிதம் உறை பிரிக்காமல் கிடைத்தது.

அன்றிலிருந்து ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாம் கையில் பிடிக்கும் லீவர் கியர் இல்லை. அது வெறும் உத்தரவு. உத்தரவு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. சில வண்டிகளில் உத்தரவைக் கொண்டுபோவது ஒரு கேபிள், சிலவற்றில் மின்கம்பியும் கம்ப்யூட்டரும்.

பி-யில் போட்டால் உள்ளே என்ன நடக்கிறது? கியர் பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டில் பல் வெட்டிய ஒரு வளையம் உண்டு. விரல் அளவு இரும்புக் கொக்கி ஒன்று வந்து அந்தப் பல்லுக்கு நடுவே விழும். கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். ஒன்றரை டன் வண்டி சரிவில் நிற்பது அந்தக் கொக்கியின் தயவில். கேபிள் அறுந்தால் கொக்கி விழாது. லீவர் மட்டும் பி-க்குப் போகும், சாவியும் கழன்று வரும்.

2022 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்தப் புஷ்ஷுக்காகத்தான். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அந்தப் பொருள் நாளாவட்டத்தில் சிதைந்துபோகிறது. தீர்வு என்ன தெரியுமா? புதுப் புஷ், அதன் மேல் ஒரு மூடி. கையளவு கூட இல்லாத ஒரு துண்டுக்காக 29 லட்சம் வண்டிகள்.

இன்னொரு சம்பவம் மனதைப் பிசைவது. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் சில மாடல்களில் புது மாதிரி லீவர் வைத்தது. தள்ளினாலும் இழுத்தாலும், விட்டவுடன் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது கைக்குத் தெரியாது, விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பி-யில் போட்டதாக நினைத்துப் பலர் இறங்கினார்கள், வண்டி உருண்டது. உலகம் முழுக்கச் சுமார் 11 லட்சம் வண்டிகளுக்கு 2016 ஏப்ரலில் ரீகால் அறிவித்தார்கள். அந்த ஜூனில் ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டு வாசல் சரிவில், அவருடைய ஜீப்பே உருண்டு வந்து நசுக்கி இறந்துபோனார். அதுவும் ரீகால் பட்டியலில் இருந்த மாடல். அவருக்கு வயது 27.

இங்கே இரும்பு எதுவும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பாகமும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் பல ஆண்டுகளாகக் கை பழகியிருந்த ஒன்றை மாற்றிவிட்டு, 'கவனமாகப் பாருங்கள்' என்று ஓட்டுபவர் தலையில் கட்டிவிட்டார்கள். இதை ஓட்டுநரின் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் மென்பொருளைத்தான் மாற்றினார்கள். நிற்கும் வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கப் போனால், வண்டியே பி-க்குப் போய்விடும். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1970களில் ஃபோர்டு வண்டிகள் பி-யிலிருந்து தானாக ரிவர்ஸுக்கு நழுவுவதாகப் புகார்கள் குவிந்தன. லீவர் பி-க்கும் ஆர்-க்கும் நடுவே ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு அதிர்வில் பின்னால் சறுக்கிவிடும். 1980 இறுதியில் அரசுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளுக்கு என்ன அனுப்பினார்கள் தெரியுமா? டேஷ்போர்டில் ஒட்ட ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கியரைப் பிடித்து நிறுத்தாது என்பது பட்டறையில் முதல் நாள் வேலைக்கு வந்த பையனுக்கே தெரியும்.

ஓடும்போது வரும் கோளாறும் உண்டு. 2024இல் 2014 மாடல் எஃப்-150 பிக்கப் வண்டிகள் ஐந்தரை லட்சத்தை ஃபோர்டு திரும்ப அழைத்தது. தண்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் சிக்னல் விட்டுப்போனால், வேகமாகப் போகிற வண்டி திடீரென்று முதல் கியருக்கு இறங்கிவிடும். தடாலென்று இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், பின்னால் வருபவரின் கதி என்ன? லீவர் நம்மை ஏமாற்றுவதுபோல, சென்சார் கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறது.

சரி, கடிதத்துக்கு வருவோம். ரீகால் கடிதம் பெரும்பாலும் விளம்பரம் மாதிரியே இருக்கும், அதனால்தான் பலர் பிரிப்பதில்லை. பழைய வண்டி வாங்கியவருக்கு இன்னும் சிக்கல். கடிதம் முந்தைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும், அவர் கிழித்துப் போட்டிருப்பார். ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்காமல் சேசிஸ் நம்பரை வைத்துத் தேடிப் பாருங்கள். முன் கண்ணாடியின் கீழ் மூலையிலோ, ஓட்டுநர் கதவுத் தூணிலோ, ஆர்.சி.யிலோ இருக்கும். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது, 1 என்றும் 0 என்றும் குழம்பிவிடும் என்பதால். உங்களுக்கு ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்ஜியம்தான். நிறுவனத்தின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் டீலருக்கு ஃபோன் செய்து எண்ணைப் படித்துக் காட்டுங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில், ஒரே ஆண்டில், ஒரு வண்டி பட்டியலில் இருக்கும், பக்கத்து வண்டி இருக்காது.

சில சமயம் கடிதத்திலேயே 'மாற்றுப் பாகம் இன்னும் தயாராகவில்லை' என்று எழுதியிருக்கும். படிக்கும்போது கோபம் வரும், நியாயம்தான். ஆனால் அடுத்த வரியையும் படியுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஹேண்ட் பிரேக் போடச் சொல்லியிருக்கும். அந்த வரியைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். கொக்கி விழாத வண்டியை நிறுத்தி வைப்பது அந்தப் பிரேக் மட்டும்தான்.

அதையும் சரியான வரிசையில் போட வேண்டும். காலால் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். லீவரை என்-னுக்கு, அதாவது நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். காலை லேசாக விட்டுப் பாருங்கள், வண்டி அசையாமல் நிற்கிறதா? மறுபடி அழுத்தி, அப்புறம் பி. இப்படிச் செய்தால் வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் இருக்கும், கொக்கிக்குச் சுமை இல்லை. பலர் பி-யில் போட்டுவிட்டு காலை எடுப்பார்கள், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நிற்கும், அதன் பிறகு பெயருக்கு ஹேண்ட் பிரேக்கை இழுப்பார்கள். பாரம் ஏற்கெனவே கொக்கியில் தொங்கிவிட்டது, பிரேக்குக்கு அங்கே வேலையே இல்லை. சரிவில் இப்படி நிறுத்திவிட்டு லீவரை எடுக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வருமே, அது கொக்கி பல்லிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற சத்தம்.

ரீகால் வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது, ரீகால் எண் எழுதிய ஜாப் கார்டின், அதாவது செய்த வேலையைக் குறிக்கும் பட்டறைச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வண்டியை விற்றால், வாங்குபவரிடம் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். கழற்றிய பழைய புஷ்ஷையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பையன்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சட்டைப் பட்டன் அளவுதான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.