வாயை மூடியே பேர் வாங்கின வர்ணனையாளர்

(திரையில்: 1981, லீட்ஸ், ஹெடிங்லி மைதானம்)

இங்கிலாந்தோட இயன் போதம் தூக்கி அடிச்ச பந்து கூட்டத்துக்குள்ள போகுது. டிவில ஒரு குரல், கொஞ்சம்கூட பதறாம: அதைத் தேடவும் வேணாம், துரத்தவும் வேணாம், நேரா மிட்டாய்க் கடைக்குள்ள போயிட்டு வெளியவும் வந்தாச்சு. கத்தல் இல்ல, அலறல் இல்ல.

அந்தக் குரல் ரிச்சி பெனோ.

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம், பந்து வீசும் பெனோ)

1930ல ஆஸ்திரேலியாவில பென்ரித்ல பிறந்தவர். லெக் ஸ்பின்னர். ஸ்கூல் வாத்தியாரா இருந்த அப்பாவும் லெக் ஸ்பின்னர்தான்.

கதை திரும்புறது 1956ல. மான்செஸ்டர் ஓல்ட் ட்ராஃபர்டு மைதானத்துல இங்கிலாந்து பவுலர் ஜிம் லேக்கர் ஒரே மேட்ச்ல 19 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவைச் சுருட்டின வருஷம். தொடர் முடிஞ்சதும் கிடைச்ச லீவுல டீம் ஊர் சுத்துது. 25 வயசு பெனோ மட்டும் பிபிசியில டிவி பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தார். குதிரைப் பந்தயத்துக்கு பீட்டர் ஓ'சல்லிவன், டென்னிஸுக்கு டான் மாஸ்கெல், கோல்ஃபுக்கு ஹென்றி லாங்ஹர்ஸ்ட்: இவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு கவனிச்சார். கோல்ஃப்ல ஆள் குறிபார்த்து நிக்கும்போது மைக்ல வளவளன்னு பேச முடியுமா? எப்ப சும்மா இருக்கணும்ங்கிற பாடம் கிரிக்கெட்டுக்கு வெளியில இருந்துதான் அவருக்கு வந்துச்சு.

அடுத்த மாசமே, ஊர் திரும்புற வழியில, நம்ம மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல 72 ரன்னுக்கு 7 விக்கெட். டெஸ்ட்ல அவரோட பெஸ்ட் கடைசி வரைக்கும் அதுதான்.

சிட்னில ‘சன்’ பத்திரிகையில கிரைம் ரிப்போர்ட்டர் வேலையும் பார்த்தார். டெட்லைனுக்குள்ள, நாலு வரியில, விஷயத்தை மட்டும் எழுதுற வேலை. அது மைக்லயும் தெரியும்.

28 டெஸ்ட்ல கேப்டன். ஒரு தொடர்கூட தோற்கல. டெஸ்ட்ல 2000 ரன், 200 விக்கெட் ரெண்டையும் முதல்ல தொட்டவர் இவர்தான். 1964ல ஓய்வு. அதுக்கு முன்னாடியே மைக் கையில வந்தாச்சு: 1960ல பிபிசி ரேடியோ, 1963ல டிவி. 1977ல சேனல் நைன் டிவி முதலாளி கெர்ரி பேக்கர், கிரிக்கெட் வாரியத்துக்குப் போட்டியா ஆரம்பிச்ச தொடருக்கு ஆலோசகரா போனதுல பழைய நண்பர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஆனா சேனல் நைனோட முகமே பெனோ ஆயிட்டார்.

(திரையில்: 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன்)

கடைசிப் பந்து. டை பண்ண நியூசிலாந்துக்கு 6 ரன் வேணும். ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சாப்பல் சொல்லி, தம்பி ட்ரெவர், சிக்ஸ் அடிக்கவே முடியாதபடி பந்தைத் தரையில உருட்டி விடுறார். ஆஸ்திரேலிய முன்னாள் கேப்டனான பெனோ, கேமரா முன்னாடி நின்னு அதை அவமானகரமான செயல்னு சொன்னார். சொந்த டீமை மைக்ல ‘நாம’ன்னு சொல்றதே அவருக்குப் பிடிக்காது. இன்னைக்கு நம்ம ஊர் கமெண்ட்ரியில அந்த வார்த்தையை எடுத்துட்டா பாதிப் பேருக்குப் பேச்சே வராது, விடுங்க!

(திரையில்: 2005, லண்டன், ஓவல் மைதானம்)

இங்கிலாந்துல அவரோட கடைசி வர்ணனை. 42 வருஷம் வீட்டுக்குள்ள விட்ட ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கிட்டிருக்கார். நடு வாக்கியத்துல, ஆஸ்திரேலிய பவுலர் மெக்ராத் பந்துல இங்கிலாந்தோட பீட்டர்சன் பௌல்டு ஆயிட்டார். பெனோ நன்றியை அப்படியே நிறுத்தி, விக்கெட்டைச் சொல்லி, விட்ட இடத்துல இருந்து நன்றியைத் தொடர்ந்து முடிச்சார். மைக் அடுத்தவங்க கைக்குப் போச்சு.