பாடகர் வரைந்த படமும் பென்சில் கையெழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாப் டிலன் என்றால் பாட்டுதான் நினைவுக்கு வரும். 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினார் என்பதும் பலருக்குத் தெரியும். அவர் படமும் வரைகிறவர். அந்தப் படங்களின் பிரதிகளைத் தேடித் தேடி வாங்குவதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார் டிலன். தங்கிய ஓட்டல் அறை, சன்னலுக்கு வெளியே தெரிந்த தெரு, எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து வைத்தார். 1994-இல் அவை புத்தகமாக வந்தபோது பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. அப்புறம் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகர அருங்காட்சியக இயக்குநர் இங்கிரிட் மோசிங்கர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, கண்காட்சி வைக்கலாமா என்று கேட்டார். டிலன் பழைய கோட்டோவியங்களைப் பெரிதாகப் பிரதி எடுத்து, அவற்றின் மேல் வண்ணம் தீட்டினார். 2007-இல் கெம்னிட்ஸில் கண்காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு லண்டன் ஹால்சியன் கேலரி. கையெழுத்தும் எண்ணும் போட்ட பிரதிகள் அப்போதுதான் விற்பனைக்கு வரத் தொடங்கின.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ரயில் தண்டவாளப் படம். நம் காலடியில் தொடங்கி அடிவானம் வரை ஓடும் இரண்டு தண்டவாளம், மேலே பரந்த வானம். அவ்வளவுதான் படம். அதே கோடுகளுக்குத் திரும்பத் திரும்ப வேறு வேறு வண்ணம் கொடுத்திருக்கிறார். வானத்தின் நிறம் மாறினால் அந்த இடத்தின் பொழுதே மாறிவிடுகிறது. ஒரே பாட்டை மேடைக்கு மேடை வேறு மாதிரி பாடுகிறவர் அவர். படத்திலும் அதையேதான் செய்கிறார்.

பிரதியின் ஓரத்தில் 45/295 என்று இருந்தால், மொத்தம் 295 பிரதிகளில் இது 45-ஆவது என்று பொருள். சிறிய எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட காலத்தில் அது சரி. அச்சிட அச்சிடத் தகடு தேயும், முதல் பிரதிகள்தான் துல்லியமாக இருக்கும். டிலனின் பிரதிகள் பெரும்பாலும் ஜிக்லே வகை. அதாவது நம் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் பெரியண்ணன். நல்ல மை, நல்ல காகிதம். ஆனால் தேய்வதற்குத் தகடு கிடையாது. முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் வித்தியாசம் இருக்காது. அப்படியானால் ஓவியரின் கை அந்தத் தாளைத் தொடுவது ஒரே ஓர் இடத்தில்தான், கீழே இருக்கும் கையெழுத்தில்.

அதனால்தான் 2022 நவம்பரில் நடந்தது சேகரிப்பாளர்களை அவ்வளவு புண்படுத்தியது. டிலன் கையெழுத்திட்டதாகச் சொல்லி அவருடைய புத்தகம் ஒன்றின் 900 பிரதிகளை, ஒன்று 599 டாலர் என்று விற்றார்கள். வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் இம்மி பிசகாமல் பொருந்தும் கையெழுத்துகள்! மனிதக் கை அப்படி எழுதாது. ஆட்டோபென் என்ற எந்திரம் போட்டது அது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் ஒப்புக்கொண்டார்: 2019-இல் தலைசுற்றல் நோய் வந்தது, பிறகு கொரோனா காலத்திலும் அது தொடர்ந்தது, அதனால் புத்தகத்துக்கும் சில ஓவியப் பிரதிகளுக்கும் எந்திரத்தைப் பயன்படுத்தினேன், அது தவறு என்றார். 2019 வரை போட்டதெல்லாம் தன் கையாலேயே போட்டது என்றும் சொன்னார். எண்பதைத் தாண்டியவரின் உடல்நிலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துக்கென்றே பணம் கொடுத்தவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது பீட்டில்ஸ் குழுவின் பாடகர் ஜான் லெனானின் கதை. லிவர்பூல் கலைக்கல்லூரியில் படித்தவர் அவர். தன் திருமணத்தையும் தேனிலவையும் 14 லித்தோகிராஃப்களாக, அதாவது கல்லச்சுப் படங்களாக, வரைந்தார். பிரதிக்காகவே வரைந்த படங்கள் அவை. மொத்தம் 300 தொகுப்புகள். 1970 ஜனவரியில் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது, ஆபாசம் என்று சொல்லி எட்டுப் படங்களைப் போலீசார் எடுத்துப் போனார்கள். ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியானது. அவர் இறந்த பின் மனைவி யோகோ ஓனோ வெளியிட்ட பிரதிகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் இருப்பது யோகோவின் கையெழுத்து. சிலவற்றில் வண்ணமும் அவர் சேர்த்ததே. இரண்டு வகையையும் லெனான் படம் என்ற ஒரே பெயரில்தான் விற்பார்கள். வாங்கப் போகிறவர் எந்த ஆண்டு அச்சிட்டது, எந்த முறையில் அச்சிட்டது, கையெழுத்து யாருடையது என்று மூன்றையும் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.