பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய சேகரகுரு ஐயா அவர்களே, அவர் துணைவியார் ஐயரம்மா அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, தலைமை தாங்கும் டீச்சரக்கா அவர்களே, மைக் செட்டுக்கு வாடகை வாங்காத தம்பி, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பொன்னாடைக்கு நன்றி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ நிறைய இருக்கிறது, பரவாயில்லை.

ஏதேன் தோட்டத்துப் பழியை ஏவாள் தலையில் கட்டி, சபையில் பெண்களுக்கு இடம் மறுக்கிறார்களே, அதைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: பழைய காலத்து ஆயர் அகஸ்டின், வேதாகமத்தில் நிருபங்கள் எழுதிய பவுல், நம்ம ஊர்.

ரோமர் 5:12-ல் "ஒரே மனுஷனாலே" பாவம் வந்தது என்கிறார் பவுல். அந்த மனுஷன் ஆதாம். ஏவாள் பேச்சே அங்கே இல்லை. கிரேக்கத்தில் "எல்லாரும் பாவஞ்செய்தபடியால்" என்று இருப்பது, அகஸ்டின் படித்த லத்தீனில் "அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்" என்று ஆகிவிட்டது. பிறக்கிற பிள்ளைக்கும் ஆதாமின் குற்றம் உண்டு என்ற போதனைக்கு அது பெரிய தூண். அகஸ்டின் காலத்துப் போதகர் பெலாகியுஸ் மறுத்தார், 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவர் கொள்கையைத் தள்ளினார்கள். சரி, அது பெரியவர்கள் சண்டை. என் கேள்வி ஒன்றுதான். பாவக்கணக்கை ஆதாம் பெயரில் எழுதிவிட்டு, பிரசங்க பீடத்திலிருந்து பெண்களை இறக்க மட்டும் ஏவாளைத் தேடுவானேன்? பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

நான் சிறுமியாக இருந்தபோது நடந்த ஒரு அசனம், அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் கோயில் விருந்து, ஞாபகம் வருகிறது. கிடாரம் கிண்டுவது ஆண்கள், மசாலா அரைப்பது பெண்கள். ராத்திரி முதலாமவர் உப்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். இரண்டாமவர் வந்தார், போட்டார். மூன்றாமவர் ருசி பார்க்கவே இல்லை, ஒரு கை அள்ளிப் போட்டார். மறுநாள் முதல் பந்தி உட்கார்ந்தது. ஒரு வாய்தான்! வரிசை முழுக்கத் தண்ணீருக்குக் கை நீண்டது. மாலையில் கமிட்டி கூடித் தீர்ப்புச் சொன்னது: மசாலா அரைத்தவர்கள் உப்பைச் சேர்த்துவிட்டார்கள்! இரண்டு நாள் மிளகாய் அரைத்துக் கை எரிந்துகொண்டிருந்த என் அம்மா அந்தப் பந்தியில் உட்காரவே இல்லை. அடுத்த வருஷம் கிடாரத்தில் அதே மூவர், அரைக்கிறவர்கள்தான் மாறினார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

சிரிக்கிறீர்கள். 1984-ல் அமெரிக்காவில், கன்சாஸ் சிட்டியில் கூடிய தெற்கத்திய பாப்டிஸ்டுகள் என்ற சபைப் பிரிவினர், ஏதேன் வீழ்ச்சியில் ஸ்திரீ முந்தினாள் என்று காரணம் காட்டி, பெண்ணுக்குக் குருப்பட்டம் கூடாதென்று தீர்மானம் போட்டார்கள். ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான், ஆகவே தலைமை படைப்பிலேயே உண்டு என்பது அவர்கள் வாதம். 1 தீமோத்தேயு 2-ஐக் காட்டுவார்கள். அதே இடத்தில் "ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை" என்றும் இருக்கிறதே! ஏமாறாமலே தின்றவனுக்கா தலைமை? "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதும் கனி தின்ற பிறகு வந்த வார்த்தை. முள்ளும் குருக்கும் முளைக்கும் என்ற தண்டனையும் அடுத்த வசனங்களில்தான் வருகிறது. முள்ளை நாம் தினமும் வெட்டுகிறோம், ஆளுகையை மட்டும் ஏன் காக்க வேண்டும்?

பவுலே பேர் சொல்லிப் பாராட்டுகிற பெண்கள் பெபேயாள், யூனியா பற்றிச் சொல்ல வேண்டும். நேரமாகிவிட்டது என்று செயலர் சீட்டு அனுப்பிவிட்டார். போகட்டும். நம் தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-ல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா பேராயரானார். நம் வட்டாரத்துச் சபைகளை நடத்தும் சேகரக் கமிட்டியிலோ பெண்களுக்கு இரண்டே நாற்காலி, அதுவும் கதவோரம். பாதி இடம் கேட்கிறோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவைச் சணலில் கட்டியிருக்கிறேன். ஆண்களும் போடலாம். முதல் கையெழுத்து தன்னுடையது என்று பொருளாளர் அண்ணாச்சி டீ குடிக்கும்போது சொன்னார், ஐயரம்மா சாட்சி.