பென்சில் நுழைஞ்சா எலியும் நுழையும்

வணக்கம். என்னைக் கூப்பிட்டவங்க எலியை எப்படி ஒழிக்கிறதுன்னு பேசச் சொன்னாங்க, நான் ஒழிக்கிற ஆள் இல்லங்க, அது எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு தேடுற ஆள், அதைப் பத்தி வேணா பேசுறேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். ஆபீஸ், குடோன், ஆஸ்பத்திரி, ஹோட்டல்னு பில்டிங் பில்டிங்கா ஒரு டார்ச்சும் ஒரு பென்சிலும் வச்சுக்கிட்டு தரையோட தரையா தவழ்ந்து ஓட்டை தேடுறதுதான் என் பொழப்பு, முட்டி தேஞ்சதும் அதுலதான்.

பென்சில் எதுக்குன்னா, சுண்டெலி உள்ள வர ஒரு 6 மில்லிமீட்டர் சந்து போதும், சாதாரண பென்சிலே அதைவிட கொஞ்சம் தடிமன். அதனால சந்துல பென்சில் போச்சுன்னா எலியும் போகும், அளவெல்லாம் எடுக்கவே வேணாம். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட சுண்டுவிரல் நுழையுற ஓட்டை. தலை உள்ள போயிடுச்சுன்னா மீதி உடம்பு சுருங்கிக்கிட்டு பின்னாலயே வந்துடும். இதை நான் சொன்னா ஒரு மேனேஜரும் நம்பினது கிடையாது.

ஒரு குடோன்ல இப்படித்தான், சுவரோரமா வரிசையா எலி மருந்து பாக்ஸ் வச்சு மாசாமாசம் ஆள் வந்து மருந்து மாத்திட்டுப் போறாங்க, மருந்து காலியாகுது, எலி மட்டும் குறையல. குறையாது சார், வாசல் திறந்திருக்கு, ஒண்ணு செத்தா அடுத்தது வருதுன்னேன். நல்ல உச்சி வெயில்ல எல்லா ஷட்டரையும் இறக்கி, லைட்டை அணைச்சு, அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கச் சொன்னேன். கண்ணு இருட்டுக்குப் பழகினதும் பார்த்தா, ஷட்டரோட ரெண்டு அடிமூலையிலயும் காசு அளவுக்கு வெளிச்சம். கிட்டப் போய் டார்ச் அடிச்சேன், அடி ரப்பரைக் கொறிச்சு வச்சிருக்கு, பக்கத்துல ஷட்டர் ஓடுற தண்டவாளத்து மேல கருப்பா பிசுக்கு. அந்தப் பிசுக்குதாங்க எனக்கு விலாசம். எலிக்குக் கண்பார்வை சுமார், மீசையால சுவரைத் தடவிக்கிட்டே தினம் போன வழியிலயே போகும், போகப் போக ரோமத்துல இருக்குற எண்ணெயும் அழுக்கும் அங்க ஒட்டிக்கும். கிளவுஸ் போட்ட விரலால தேய்ச்சுப் பார்த்தா, இழுவிச்சுன்னா புதுசு, காஞ்சு உதிர்ந்துச்சுன்னா பழசு, அந்த வழி இப்ப ஓடலன்னு அர்த்தம்.

அடுத்தது புழுக்கை. முகம் சுளிக்காதீங்க, யார் வந்தாங்கன்னு அதுதான் சொல்லும். சுண்டெலியோடது சின்னதா, முனை கூரா, 3லருந்து 6 மில்லிமீட்டர் இருக்கும். சாக்கடைப் பக்கம் பொந்து போட்டு வாழுற பெரிய எலியோடது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர், முனை மழுங்கி. கூரையில ஏறுற எலியோடது அதைவிட மெலிசா, ரெண்டு முனையும் கூரா. இது ஏன் முக்கியம்னா, தரையில இருக்குற ஓட்டையெல்லாம் மாஞ்சு மாஞ்சு அடைச்சிருப்பாங்க, வந்ததோ கூரை எலி, அது மரக்கிளை வழியா, கேபிள் வழியா மொட்டை மாடிக்கு வந்து தகரக் கூரையோட அலை மடிப்புக்குள்ள புகுந்து ஃபால்ஸ் சீலிங்ல குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கும். சுண்டெலிப் புழுக்கைன்னு நினைச்சதை ஒரு குச்சியால நசுக்கினா பொடிப்பொடியா உதிர்ந்து உள்ள பூச்சி இறக்கை மின்னுச்சுன்னா அது எலியே இல்ல, வௌவால். ஒண்ணு மட்டும், காஞ்ச புழுக்கையைத் துடைப்பம் வச்சுக் கூட்டாதீங்க, தூசி மூக்குக்குள்ள போனா நோய் வரலாம், கிருமிநாசினி தெளிச்சு ஊறவிட்டு கிளவுஸோட துடைச்சு எடுங்க.

ஓட்டை இருக்கு, ஆனா அதுல போக்குவரத்து இருக்கான்னு தெரியணும்னா நியூஸ்பேப்பரைக் கசக்கி லேசா அடைச்சு வைங்க. ரெண்டு மூணு நாள்ல அது வெளிய தள்ளிக் கிடந்தா ஆள் இருக்கு. பக்கத்துல கொஞ்சம் பவுடர் தூவிட்டா கால்தடமும் விழும், முன்னங்கால்ல நாலு விரல், பின்னங்கால்ல அஞ்சு, நடுவுல வால் இழுத்த கோடு.

என்னை ரொம்ப நாள் சுத்த விட்டது ஒரு ஆபீஸ். புத்தம்புது இன்டீரியர், கதவுக்கடியில பிரஷ் பட்டை, சுவர்ல ஒரு கீறல் கிடையாது, ஆனா பேன்ட்ரி அலமாரிக்குள்ள பெரிய புழுக்கை. வெளிய மூணு தடவை சுத்திட்டேன், ஒண்ணும் கிடைக்கல. கடைசியில டிரெயினேஜ் லைன்ல புகை விட்டுப் பார்க்கலாம்னு முடிவு பண்ணோம், மேன்ஹோல் வழியா மெஷின் வச்சு புகையை உள்ள தள்ளுறது, குழாய் எங்க உடைஞ்சிருக்கோ அங்க புகை கிளம்பும். பத்து நிமிஷம் ஆகல, அலமாரிக்குப் பின்னால பார்டிஷன் அடியிலருந்து வெள்ளையா புகை வருது, உள்ள இருந்த பொண்ணு தீப்பிடிச்சுடுச்சுன்னு கத்திக்கிட்டே ஓடுறாங்க. பார்டிஷனைப் பிரிச்சா, முன்னாடி அந்த இடத்துல டாய்லெட் இருந்திருக்கு, புதுப்பிக்கும்போது அதை எடுத்தவங்க தரையில இருந்த நாலு இஞ்ச் குழாய்க்கு மூடி போடாம மேல பலகை அடிச்சு பெயின்ட் பண்ணிட்டுப் போயிட்டாங்க. எலி நல்லா நீந்தும், குழாய்க்குள்ள ஏறும், சாக்கடையிலருந்து நேரா பேன்ட்ரிக்கு லிஃப்ட் வச்ச மாதிரி. ஒரு மூடி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

அடைக்கிறதுலயும் ஒரு கோபம் எனக்கு. ஸ்ப்ரே ஃபோம் அடிச்சுட்டு முடிஞ்சுதுன்னு போயிடுறாங்க. எலிக்கு முன்பல்லு சாகுறவரை வளர்ந்துக்கிட்டே இருக்கும், அது எதையாவது கொறிச்சே ஆகணும், ஃபோமெல்லாம் அதுக்கு ஒரு ராத்திரி வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையைத் திணிச்சு மேல சிமென்ட் கலவை பூசுங்க. சாதா இரும்பு வலைன்னா ஈரத்துல துருப்பிடிச்சு உதிர்ந்துடும். உள்ள இருக்குறதைப் பொறி வச்சுப் பிடிச்சு முடிக்காம மொத்தமா அடைச்சீங்கன்னா அது சுவருக்குள்ள செத்து நாறும், இல்ல வேற பக்கம் புது ஓட்டை போடும்.

வௌவாலுக்கு இது எதுவும் பொருந்தாது. சாயங்காலம் இருட்டுற நேரத்துல பில்டிங்குக்கு வெளிய ஆளுக்கு ஒரு மூலையா நின்னு மேல பார்த்தாலே எந்தச் சந்துலருந்து கிளம்புதுன்னு தெரிஞ்சுடும். அங்க வெளிய மட்டும் போற மாதிரி வலை கட்டி, எல்லாம் போனப்புறம் மூடணும். குட்டி இருக்குற சமயத்துல மட்டும் கை வைக்காதீங்க, பறக்கத் தெரியாத குட்டி உள்ள மாட்டிக்கும், தாய் வெளிய சுத்திக்கிட்டு இருக்கும். பாம்பு வருதுன்னு கூப்பிடுவாங்க, நான் போய் முதல்ல எலியைத்தான் தேடுவேன், அதுக்குப் பின்னாலதானே அது வந்திருக்கு.

இன்னொண்ணு சொல்லிடுறேன், நான் பார்த்த ஓட்டையில பாதிக்கு மேல எலி போட்டது இல்ல, மனுஷன் போட்டது. ஏசி பைப்புக்கு, இன்டர்நெட் கேபிளுக்குன்னு சுவரை ஒரு கையகலம் குடைஞ்சு ஒரு விரல் தடிமன் ஒயரை விட்டுட்டு மீதியை அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க. அதனால நான் அடைச்ச இடத்துல எல்லாம் மார்க்கர்ல தேதி எழுதிட்டு வருவேன், ஆறு மாசம் கழிச்சுப் போனா முதல் வேலையா தேதி இல்லாத ஓட்டை எங்க இருக்குன்னுதான் பார்ப்பேன், கண்டிப்பா ஒண்ணு இருக்கும், பக்கத்துல பளபளன்னு ஒரு புது ஏசியும் இருக்கும்.